காரைக்குடி வாசிப்புக் குழு பாதியில் நின்றால்: அடுத்து எதை எடுப்பது?

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் உங்கள் குழுவின் பத்துப் பேரும் நாற்பதாம் பக்கத்தோடு நின்றுவிட்டீர்கள், அடுத்து எதை எடுப்பது என்று கேட்கிறீர்கள். அதை இப்போதைக்கு மூடி வையுங்கள். அடுத்த மாதத்துக்கு ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலை எடுங்கள்.

பாதியில் நின்றதற்குச் சோம்பல் காரணமாக இருக்காது. 1879இல் வந்த நூல் அது; கதைக்குள் கிளைக்கதை, நடுவே உபதேசம் என்று போகும். இன்றைய நாவல் வேகத்தில் படித்தால் யாருக்கும் அலுக்கும். தினம் ஓர் அத்தியாயம், அதுவும் வாய்விட்டு, என்றால் சிரிப்பு வரும்.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். நாவலில் வரும் மலேசியாவின் பினாங்கு வட்டிக்கடை, முதலாளி, அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாள், கடைநிலைப் பெட்டியடிப் பையன் எல்லாம் உங்கள் ஊர் வீடுகளில் இன்னும் பேச்சில் இருப்பவை. மெலிந்த நூல்தான். பிடித்தால் சிங்காரத்தின் இன்னொரு நாவலான 'புயலிலே ஒரு தோணி'க்குப் போங்கள். ஆனால் அதில் மலாய்ச் சொற்கள் அடிக்கடி வரும், நினைவோட்டம் முன்பின்னாக ஓடும். முதலிலேயே அதை எடுத்தால் மறுபடி பாதிப்பேர் கழன்றுகொள்வார்கள்.

நாவல் வேண்டாம் என்பவர்களுக்கு:

1. பயணம்: கோட்டையூர் ஏ.கே. செட்டியாரின் கட்டுரைகள். சின்னச் சின்ன வாக்கியம், அலட்டல் இல்லை.
2. தன்வரலாறு: உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. வாங்கும் முன் பொருளடக்கத்தைப் பாருங்கள். 122 அத்தியாயம் இருக்க வேண்டும். குறைந்தால் கையில் இருப்பது சுருக்கப் பதிப்பு. முடிவு சட்டென்று நிற்பதைப் பார்த்துப் பக்கம் கிழிந்துவிட்டதோ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 1942இல் அவர் மறைந்ததால் நூலே முற்றுப்பெறவில்லை. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது.