கட்டடத்தின் கார்பன் கணக்கு படிக்க நினைக்கும் மகளின் தகப்பனாருக்கு

வணக்கம் ஐயா. திருமங்கலத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர் நீங்கள். மகள் சிவில் மூன்றாம் ஆண்டு. "டி.என்.பி.எஸ்.சி.க்குப் படின்னா, கட்டடத்துக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடுன்னு என்னமோ சொல்றா. இதுல சோறு கிடைக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். எந்த வழியில் போனால் கிடைக்கும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அவள் சொல்லும் வேலையின் பாதி உங்களுக்குத் தெரிந்ததே. எஸ்டிமேட் போடும்போது இத்தனை மூட்டை சிமென்ட், இத்தனை டன் கம்பி, இத்தனை லோடு செங்கல் என்று அளவெடுத்து விலையால் பெருக்குகிறீர்கள். அவள் அதே அளவை எடுத்து, அந்தப் பொருளை உண்டாக்கும்போது வெளியேறும் கரியமில வாயு போன்ற பாதிப்புகளால் பெருக்குவாள். லாரி வந்த தூரம், கட்டடம் நிற்கும் அறுபது வருடமும் ஏ.சி.க்கு ஆகும் மின்சாரம், மராமத்து, கடைசியில் இடிப்பது வரை அதில் சேரும். ஐ.எஸ்.ஓ. 14040, 14044 என்ற தரநிலைகள் இதற்கு முறை வகுத்திருக்கின்றன.

பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு இதைப் பல விதமாகக் கேட்கிறார்கள். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி. நிறுவனத்தின் எட்ஜ் சான்றிதழ் எளிது: சுவர், கூரை, தரைக்கு என்ன பொருள் என்று குறித்தால் மென்பொருளே கணக்குப் போடும், வழக்கமான கட்டடத்தைவிட 20 சதவீதம் குறைய வேண்டும். அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் லீட் சான்றிதழில், கம்பெனிகள் தங்கள் பொருளுக்கு வெளியிடும் சுற்றுச்சூழல் அறிவிப்புகளைத் திரட்டிக் கொடுத்தும் புள்ளி வாங்கலாம். இவை இரண்டையும் குறுகிய பயிற்சி முடித்தவரே செய்துவிடுவார்.

முழுக் கட்டடக் கணக்குக்குத்தான் சிவில் தெரிந்த ஆள் வேண்டும். லீட் நான்காம் பதிப்பில், அதே அளவும் அதே பயன்பாடும் உள்ள ஓர் அடிப்படைக் கட்டடத்தோடு ஒப்பிட வேண்டும். ஆறு பாதிப்புகளில் குறைந்தது மூன்று, 10 சதவீதமாவது குறைய வேண்டும். புவி வெப்பமாதல் அந்த மூன்றில் இருந்தே ஆக வேண்டும். வேறெதுவும் 5 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. அது விரும்பினால் செய்வது. 2025 ஏப்ரலில் வந்த ஐந்தாம் பதிப்பில், கட்டுமானப் பொருள்களின் கார்பனைக் கணக்கிட்டுக் காட்டுவதே கட்டாயமாகிவிட்டது. உங்கள் மகள் சரியான நேரத்தில்தான் கேட்கிறாள்.

இதில் ஆளின் அறிவு எங்கே தேவைப்படுகிறது என்று நம்மூரை வைத்தே சொல்கிறேன். மதுரையில் ஒரு சுவருக்குத் திருப்புவனம் பக்கத்துச் சூளைச் செங்கலா, தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கல்லா? செங்கல் சுடுவதற்கு விறகும் நிலக்கரியும் எரிகின்றன. சாம்பல் கல்லைச் சுடவே வேண்டாம். ஆனால் அதில் சிமென்ட் சேர்கிறது, சாம்பல் வெகுதூரம் வருகிறது. அந்தச் சாம்பலைக் கழிவு என்று எடுத்தால் அதன் தலையில் பாரமே இல்லை. மின்சாரத்தோடு கிடைக்கும் உபபொருள் என்று எடுத்தால் நிலக்கரி எரித்ததில் ஒரு பங்கு அதன் மேல் ஏறும். விடை தலைகீழாகவே மாறலாம். ஐரோப்பியத் தொழிற்சாலைச் செங்கலின் எண்ணை நம் சூளைக்குப் போட்டாலும் இதே கதிதான். இந்தியப் பொருள்களுக்கு ஐ.எஃப்.சி. வெளியிட்ட தரவுத்தொகுப்பு உண்டு. அதைப் பயன்படுத்தப் பழக வேண்டும்.

சிமென்டையும் அவள் நன்றாகப் படிக்கட்டும். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. ஆலைக்குச் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் அது நிற்காது. அதனால்தான், அப்படிச் சுட்டுக் கிடைக்கும் கிளிங்கரில் ஒரு பங்கைச் சாம்பலால் மாற்றிய பி.பி.சி. சிமென்டுக்கு இந்தக் கணக்கில் மதிப்பு.

பெரிய தொகை கட்டி எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் இப்போது சேர்க்காதீர்கள். ஓப்பன்எல்.சி.ஏ. என்ற மென்பொருள் இலவசம். நீங்கள் கட்டி முடித்த ஒரு வீட்டின் பில்களை அவளிடம் கொடுங்கள். செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது, ஜல்லி எந்தக் குவாரி என்பதையும் சொல்லுங்கள். அந்த வீட்டையே இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்து, இரண்டு விதச் சுவருக்குக் கணக்குப் போட்டு, ஏன் அந்த எண்களை எடுத்தேன் என்று எழுதட்டும். நேர்காணலில் அந்த அறிக்கை பேசும். அதன் பிறகு லீட் கிரீன் அசோசியேட், இந்தியப் பசுமைக் கட்டட மன்றமான ஐ.ஜி.பி.சி.யின் தேர்வு, இந்த இரண்டில் ஒரு தேர்வு எழுதினால் போதும்.

வேலை பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில். மதுரையிலேயே இருக்க வேண்டும் என்றால் வாய்ப்பு குறைவு; இதை வீட்டில் இப்போதே பேசி முடிவெடுங்கள். சிவில் பட்டம் கையில் இருக்கும்வரை அரசின் பொறியியல் பணித் தேர்வு எழுதத் தடை இல்லை. மேற்படிப்புக்கான கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் இறுதியை ஒட்டித் தொடங்கும். அதற்குள் புராஜெக்ட் தலைப்பை அவள் பேராசிரியரிடம் பேசிவிடட்டும்.