வாசகர் கேள்வி – பதில்: பாலைவனத்தில் கோல்ப் விடுமுறை

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். நான் வாரந்தோறும் கோல்ப் ஆடுகிறேன், அவர் ஆடுவதில்லை. நமீபியாவில் ஸ்வாகோப்முண்ட் நகருக்கு அருகே பாலைவனத்திற்குள்ளேயே புல்தரை மைதானம் இருப்பதாக நண்பர்கள் கூறுகிறார்கள். எந்த மாதத்தில் போவது நல்லது? அந்த வெயிலை எங்கள் வயதில் தாங்க முடியுமா? மனைவி புரட்டாசி விரதத்தைத் தவறாமல் கடைப்பிடிப்பவர். — வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியவற்றுள் முதலாவது கம்பளிச் சட்டை. நமீப் பாலைவனத்தின் கரையோரமாக ஓடும் பெங்குவேலா என்னும் குளிர்ந்த கடல் நீரோட்டத்தால், ஸ்வாகோப்முண்டில் கோடையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரிக்குள்ளேயே இருக்கும். மழை இல்லை என்றே சொல்லிவிடலாம், ஆனால் விடியற்காலையில் மூடுபனி தரையோடு படிந்திருக்கும். டர்பனில் வெயில் ஏறுவதற்கு முன்பும் மாலை இடிமழைக்கு முன்பும் ஆட்டத்தை முடித்துவிட வேண்டுமென்று ஆறு மணிக்கே மைதானத்திற்கு ஓடுகிறோமே, அந்தப் பழக்கம் அங்கே உதவாது. காலையில் கிரீன்கள் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரைகள்) ஈரமாக இருப்பதால் பந்து மெதுவாகவே உருளும், பனி கலையும் வரை குழியைக் காட்டும் கொடியும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்; பிற்பகலிலோ தென்மேற்குக் கடற்காற்று வலுத்துவிடும். ஆகவே பத்து மணியை ஒட்டி ஆட்டத்தைத் தொடங்கும்படி முன்பதிவு செய்யுங்கள். குளிர்ந்த கனமான காற்றில் பந்து சற்றுக் குறைவாகவே பறக்கும் என்பதால், வழக்கமாக ஏழாம் எண் மட்டை எடுக்கும் தூரத்திற்கு அதைவிடத் தூரம் அடிக்கும் ஆறாம் எண்ணை எடுப்பது நல்லது. வழியில் நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்கில் ஆடினால் இதற்கு நேர்மாறு: அந்நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பந்து நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகத் தூரம் போகும்.

நண்பர்கள் சொன்னது ராஸ்மண்ட் மைதானம். 18 குழிகள், பார் (ஒரு சுற்றுக்கு எதிர்பார்க்கப்படும் அடிகள்) 72. ஃபேர்வேயின் (புல் வெட்டிய ஆட்டப் பாதையின்) பச்சை சட்டென்று முடிந்து சரளை மணல் தொடங்கும், ஸ்பிரிங்பொக் மான்கள் அதன் குறுக்கே நிதானமாக நடந்து போகும். அந்தச் சரளையிலிருந்து அடித்தால் மட்டையின் அடிப்பாகம் கீறிப்போகும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய அயர்ன் (உலோகத் தலை மட்டை) ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பந்தை அபராதமின்றி எடுத்து வைக்கலாமா என்பதை மதிப்பெண் அட்டையிலுள்ள உள்ளூர் விதிகளைப் படித்தோ அலுவலகத்தில் கேட்டோ முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, புரட்டாசி முடிந்து தீபாவளியும் கொண்டாடிய பின், டிசம்பர் நெரிசலுக்கு முன் போவதே என் யோசனை. டிசம்பர், ஜனவரியில் விண்ட்ஹுக்வாசிகள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு இறங்கிவிடுவார்கள். அங்கே குளிர்காலத்தில் (ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) சில நாள்களில் உள்நாட்டிலிருந்து அடிக்கும் கிழக்குக் காற்று, நம் ஊரில் மலைகளிலிருந்து இறங்கும் பெர்க் காற்றைப் போலச் சூடானது. அதனோடு மணலையும் வாரிக்கொண்டு வரும். அந்த நாளில் ஆட்டம் வேண்டாம்.

உங்கள் மனைவிக்கும் பொழுது போகும். வால்விஸ் பே காயலில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். நகருக்குக் கிழக்கே பாலைவனத்தில், இரண்டே இலைகளோடு நூற்றாண்டுகளாக வாழும் வெல்விட்ஷியா செடிகளைக் காணலாம். உணவகங்களில் மீனும் இறைச்சியுமே மிகுதி என்பதால், சமையலறையுடன் கூடிய விடுதியில் தங்குவது அவருக்கு நிம்மதி.

டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் அல்லது கேப் டவுன் வழியாக வால்விஸ் பேக்குப் பறக்கலாம். அங்கிருந்து ஸ்வாகோப்முண்ட் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விடுமுறைக்கு விசா பெறத் தேவையில்லை. நம் ரேண்ட் அங்கே நமீபிய டாலருக்குச் சமமாகவே செல்லும். ஆனால் நமீபிய டாலர் இங்கே கடைகளில் செல்லாது, திரும்புமுன் செலவழித்துவிடுங்கள்.

கேள்வி: நம் டர்பன் கோல்ப் வீரர் பாப்வா சியூகோலும் பிடித்ததைப் போல இடக்கையைக் கீழே வைத்து மட்டையைப் பிடிக்கப் பழகியவன் நான். பாலைவன மணலில் இது இடைஞ்சலாகுமா? — வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: ஆகாது. அந்தப் பிடியோடுதான் அவர் 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். நிறவெறிக் காலத்தில் நம் நாட்டில் அவரைத் தடுத்தவை சட்டங்களே. நீங்கள் கவனிக்க வேண்டியது மட்டையின் அடிப்பாகத்தை. இறுகிய மணலில் அகன்ற அடிப்பாகம் தரையில் மோதி எகிறி, பந்தின் நடுவிலேயே பட்டுவிடும். அங்கே மெல்லிய அடிப்பாகமுள்ள வெட்ஜே (பந்தை உயர எழுப்பும் குறுந்தூர மட்டையே) ஏற்றது. பங்கரின் (மைதானத்து மணற்குழியின்) பொலபொலப்பான மணலுக்கு அகன்றதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜூலைப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு துபாய் சென்று கோல்ப் ஆடலாமா? — வாசகி, பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: ஜூலையில் வேண்டாம், அம்மா. அப்போது அங்கே பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். எமிரேட்ஸ் கோல்ப் கிளப்பின் மஜ்லிஸ் மைதானம் 1988 முதல் இயங்கும் சிறந்த புல்தரை மைதானந்தான், ஆனால் அதை நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஆட வேண்டும். அப்போது கட்டணமும் உச்சத்தில் இருக்கும் என்பதால், டிசம்பர் விடுமுறைக்குத்தான் போக முடியுமென்றால் இப்போதே விலை விசாரியுங்கள்.