எந்த ஆஃப்-ஒயிட்டை எடுப்பது?

கேள்வி: ஹாலுக்கு அடிக்க ஷேட் கார்டில் இரண்டு ஆஃப்-ஒயிட்டைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒன்று லேசாக மஞ்சள் கலந்தது, மற்றது சாம்பல் கலந்தது. கார்டில் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் இப்போதுள்ள வெளிர் பச்சைச் சுவரில் அடித்துப் பார்த்தால் சாம்பல் கலந்தது ரோஸ் மாதிரி தெரிகிறது. தரை பழுப்பு, பல்புகள் மஞ்சள் வெளிச்சம். எதை எடுக்கலாம்?

பதில்: அந்த ரோஸ், பெயின்டில் இல்லை. பச்சைக்கு நடுவே சாம்பலை வைத்தால் நம் கண் அதை ரோஸ் பக்கம் சாய்த்துத்தான் காட்டும். அதனால் பழைய சுவரில் பார்த்ததை மறந்துவிடுங்கள்.

இரண்டு பெரிய வெள்ளை அட்டைகள் வாங்கி, அட்டைக்கொரு நிறமாக இரண்டு கோட்டு அடியுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்தபின் வேறு. ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பிறகு சுவரில் நிமிர்த்தி வைத்து, பின்னால் இருக்கும் பச்சை தெரியாதபடி சுற்றிலும் வெள்ளைத்தாள் ஒட்டிப் பாருங்கள். தரையில் கிடத்திப் பார்க்க வேண்டாம், சுவரில் வெளிச்சம் விழும் விதமே வேறு. காலையில், சாயங்காலம், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அட்டையையும் தனியாகப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைக் கெடுக்கும்.

அம்மாவின் அறைக்கு நான் சாம்பல் கலந்த வெள்ளையைத் தேர்ந்தெடுத்தேன். ஜன்னலை ஒட்டி பெரிய மரம். இலைகளில் பட்டு வந்த வெளிச்சத்தில் நாலு சுவரும் பச்சை பாய்ந்துவிட்டன. "உடம்பு சரியில்லாதவங்க ரூம் மாதிரி இருக்குடா" என்றார் அம்மா. எனக்கு மனசே கேட்கவில்லை. லேசாக ரோஸ் கலந்த ஆஃப்-ஒயிட்டை மறுபடி அடித்த பிறகுதான் அந்தப் பச்சை தணிந்தது. அன்றிலிருந்து ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்காமல் யாருக்கும் நிறம் சொல்வதில்லை.

உங்கள் ஹாலுக்கு நான் சாம்பல் பக்கம்தான். 2700 கெல்வின் (பல்பு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் பல்பும் பழுப்புத் தரையும் சேர்ந்தால், மஞ்சள் கலந்த வெள்ளை ராத்திரியில் வெண்ணெய் நிறமாகிவிடும். சாம்பல் அதில் இதமாக நிற்கும். பின்னால் 6500 கெல்வின் வெள்ளை பல்புக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அப்போது சாம்பல் நீலம் அடிக்கும், மஞ்சள் கலந்ததே நல்லது.

அப்புறம், பச்சைக்கு மேல் வெள்ளை பிரைமர் (அடிப்பூச்சு) கட்டாயம் அடிக்கச் சொல்லுங்கள். இவ்வளவு வெளிர் நிறம் அடியில் இருப்பதை எளிதில் மறைக்காது.