பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை நோய், பல் கூச்சமும் உண்டு. தீபாவளிக்கு மகள் ‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட் ஒரு டப்பா வாங்கி வந்தாள். ‘சர்க்கரைதான் இல்லையே’ என்று ஒரே மாலையில் பாதியைத் தீர்த்துவிட்டார். ராத்திரியெல்லாம் வயிறு கடமுடா; பாத்ரூமும் கட்டிலுமாக அலைந்தார். கெட்டுப்போன சாக்லேட்டா? பல்லுக்காவது நல்லதா? சர்க்கரைக்குப் பதில் இனிப்பு மாத்திரை போட்டுத் தினமும் எலுமிச்சை ஜூஸ் வேறு குடிக்கிறார்.

– வாசகி, கரூர்

பதில்: சாக்லேட் மேல் பழி போடாதீர்கள் அம்மா, பாதி டப்பாதான் குற்றவாளி! டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் மால்டிடால் அல்லது சார்பிட்டால் என்று இருக்கும், பாருங்கள்; சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்புகள் இவை. இவற்றைச் சிறுகுடல் அரைகுறையாகத்தான் உறிஞ்சும். மிச்சம் பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கும். அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்கும். மலச்சிக்கலுக்கே சார்பிட்டாலை மருந்தாகக் கொடுப்பதுண்டு. சிலருக்கு 20 கிராமே போதும், வயிறு பொருமிவிடும். ஒன்றிரண்டு துண்டோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இன்னொன்று, மால்டிடால் ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். கிராமுக்குச் சுமார் 2 கலோரியும் உண்டு. ‘ஃப்ரீ’யை நம்பிக் கணக்கில்லாமல் சாப்பிடக் கூடாது.

பல்லுக்கு வந்தால், சர்க்கரையைவிட இவை எவ்வளவோ மேல். பல்லை அரிக்கும் அமிலத்தை இவற்றிலிருந்து வாய்க் கிருமிகளால் எளிதில் தயாரிக்க முடியாது. இதே வகை இனிப்பான சைலிட்டாலை அவற்றால் ஜீரணிக்கவே முடியாது. 1970-களில் பின்லாந்தின் துர்க்கு நகரில் இரண்டு வருடம் சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சாப்பிட்டவர்களுக்குப் புதிய சொத்தை மிகவும் குறைவாகவே வந்தது. சாப்பிட்டதும் சைலிட்டால் சூயிங்கம் மெல்லலாம்; எச்சில் ஊறுவதே பாதி வைத்தியம். அதற்காகப் பல் தேய்க்காமல் இருந்துவிடக் கூடாது, சரியா?

பல் கூச்சத்துக்கு எனக்குச் சந்தேகம் அந்த ஜூஸ் மேல்தான். மாத்திரை பாவம், ஒன்றும் செய்யாது. எலுமிச்சையின் புளிப்பு எனாமலைக் கரைக்கும். இனிப்பை மாற்றினாலும் புளிப்பு அப்படியேதானே இருக்கிறது! சிலர் டம்ளரை வைத்துக்கொண்டு டிவி முன்னால் ஒரு மணி நேரம் உறிஞ்சுவார்கள், அதுதான் ஆபத்து. ஒரே மூச்சில் குடித்து, வெறும் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். உடனே பிரஷ் வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும். அப்புறமும் கூசினால் பல்லை நேரில் காட்டிவிடுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் சூயிங்கத்தை எட்டாத இடத்தில் வையுங்கள். நமக்குச் சாதுவான சைலிட்டால் நாய்க்கு விஷம்.