இலவசப் படம், ஒரு கையெழுத்து

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் வீடு. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துவருகிறேன், முடி கொட்டிவிட்டது. இந்த நாட்களில் என்னை நானே படம் எடுத்து வைக்க ஆசை. தெரிந்த ஒருவர், "இலவசமாக எடுத்துத் தருகிறேன், ஒரு தாளில் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்கிறார். போடலாமா?

போடாதீர்கள் ஆச்சி. முடி கொட்டிய முகத்தைத் தேடி வருகிற இந்த இலவசக்காரர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். என்னிடம் வந்த ஒருவரின் படம், வேறு பெயரில், வேறு நோய்க்கு இணையத்தில் நன்கொடை கேட்டுக்கொண்டிருந்தது. அதை எடுக்க வைக்க அவர் அலைந்த அலைச்சல், சிகிச்சையைவிடப் பெரிது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவருக்கே உரிமை. படத்தில் இருப்பவருக்கு இல்லை. காசு கொடுத்து எடுக்கச் சொன்னால் மட்டும் சொன்னவருக்குப் போகும். இங்கேதான் கவனம் வேண்டும். மருமகன் ஏற்பாடு செய்து மருமகனே பணம் கொடுத்தால், உரிமை மருமகனுக்கு. நீங்களே சொல்லி, நீங்களே கொடுத்து, ஆனால் "உரிமை ஸ்டுடியோவுக்கு" என்று ஒரு வரியில் கையெழுத்துப் போட்டிருந்தால், கொடுத்த காசு வீண். ஐநூறு ரூபாய் என்றாலும் உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துப் புற்றுநோய் வார்டில் ஒட்ட எத்தனை நாளாகும்? யாரும் செய்வதில்லை.

பிரிட்டனில் ஜோ ஸ்பென்ஸ் என்ற புகைப்படக்காரர், 1982இல் இதே நோய்க்கு அறுவை சிகிச்சைக்குப் போகும்முன், "இது ஜோ ஸ்பென்ஸின் சொத்தா?" என்று மார்பில் எழுதிப் படமாக்கினார். கேள்வி அதேதான்.

உங்களுக்குப் போனே போதும். கீமோ நாட்களில் வெளியாள் வராததும் நல்லது. காலையில் வளவு வாசலுக்கு, அதாவது வீட்டு நடுவில் திறந்த முற்றத்துக்கு, உள்ளே, வெயில் நேராக விழாத இடத்தில், வானம் பார்த்து உட்காருங்கள். நிற்க வேண்டாம், களைப்பு வரும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சுச் சுவர் பக்கத்தில் இருந்தால் அந்த மினுமினுப்பே முகத்துக்கு வெளிச்சம் தரும். முக்காலியில் போனைச் சாய்த்து, பின்பக்கக் கேமராவில் பத்து நொடி டைமர் வையுங்கள். முகத்தை மெருகேற்றும் வசதியை அணைத்துவிடுங்கள். எடுத்தவருக்கே உரிமை என்பதால் பொத்தானை நீங்களே அழுத்துங்கள், மகளிடம் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் பதற வேண்டாம். உங்களுக்கு இருந்த பதிப்புரிமையை எழுதிக் கொடுத்திருந்து, எத்தனை காலத்துக்கு என்று தாளில் எழுதாவிட்டால், அது 5 ஆண்டுதான் செல்லும். நகல் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள்.