களவா வாய்க்குள் போய்வரும் மீன்: உங்கள் கேள்விகள்

பெரிய களவா மீனின் வாய்க்குள் ஒரு சின்ன மீன் புகுந்து வருவதை வீடியோவில் பார்த்தேன். அதை ஏன் விழுங்கவில்லை?

நீங்கள் பார்த்தது துப்புரவு மீன். பத்து சென்டிமீட்டர் இருந்தாலே பெரிது. இளநீல உடலில் வாயிலிருந்து வால்வரை ஒரு கறுப்புப் பட்டை, வால் பக்கம் போகப் போக அகலமாகும். செங்கடல் தொடங்கி பசிபிக் வரை பவளத்திட்டுகளில் இருக்கிறது. ஒரே இடத்தில் கடை போட்டிருக்கும். மற்ற மீன்கள் தேடி வந்து, வாயையும் செவுளையும் திறந்தபடி அசையாமல் நிற்கும். அவற்றின் உடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் பூச்சிகளை இது பொறுக்கித் தின்னும். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் கணக்கிட்டபோது, ஒரு மீன் ஒரு நாளில் சராசரியாக 1,218 ஒட்டுண்ணிகளைத் தின்றது. இப்படி ஒரு வைத்தியரை ஒரு வாய்ச் சாப்பாட்டுக்காக யார் இழப்பார்கள்?

அது ஏமாற்றவும் செய்யுமாமே, அண்ணா?

செய்யும். ஒட்டுண்ணியைவிட மீனின் மேல்தோலில் உள்ள வழவழப்புதான் அதற்கு ருசி. ஆசை மிஞ்சி ஒரு கடி வைத்துவிட்டால், வந்த மீன் வெடுக்கென்று உடலை உதறும். அந்த உதறலைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். அப்புறம் சில மீன்கள் விரட்டும்; தூரம் சுற்றுகிறவை வேறு கடைக்குப் போய்விடும். அதனால் அப்படிப்பட்ட வெளியூர் மீன்களைத்தான் இது முதலில் கவனிக்கும், பக்கத்திலேயே குடியிருப்பவை காத்திருக்க வேண்டியதுதான். கோபித்துக்கொண்ட மீனின் முதுகைத் துடுப்பால் தடவிச் சமாதானப்படுத்துவதும் உண்டு. இந்த மீனிடம் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தடவல்தான்.

இதே மாதிரி இருந்துகொண்டு கடித்துவிட்டு ஓடும் மீனும் உண்டா?

உண்டு. நிறம், பட்டை, ஏறி இறங்கி நீந்தும் ஆட்டம் எல்லாமே அச்சு அசல். வாயைப் பாருங்கள்: அசலுக்கு முகத்தின் நுனியில் இருக்கும், போலிக்குச் சுறாபோல அடிப்பக்கத்தில்.

பெண் ஆணாக மாறும் என்பது உண்மையா?

உண்மை. ஓர் ஆணைச் சுற்றிச் சில பெண்கள் வாழும். ஆண் செத்தால், இருப்பதில் பெரிய பெண் சில மணி நேரத்திலேயே ஆண்போல நடக்கத் தொடங்கும். இரண்டு மூன்று வாரத்தில் விந்தணுவே உருவாகிவிடும். கடல் உயிரியலாளர் ராஸ் ராபர்ட்சன் 1972இல் இதை எழுதினார்.

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். நாலைந்து மீன்கள் மேல் இருக்கும் பூச்சி அதற்கு எத்தனை நாள் வரும்? பெரும்பாலும் பட்டினியில் வயிறு ஒட்டிச் சாகிறது. பிடித்த இடத்துக்கும் கேடுதான்: லிசார்ட் தீவில் சில திட்டுகளிலிருந்து இதை எட்டரை ஆண்டுகள் அகற்றி வைத்தபோது, அங்கேயே குடியிருக்கும் மீன்கள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. சுத்தம் செய்ய ஆள் வேண்டுமென்றால் துப்புரவு இறால் வாங்குங்கள், அது போட்ட தீனியையும் தின்று பிழைத்துக்கொள்ளும்.