கேட்டில் நின்று வேலை கேட்கலாமா?

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு சும்மா இருக்கிறேன். இணையத்தில் எத்தனையோ விண்ணப்பம் போட்டும் ஓர் அழைப்புகூட வரவில்லை. கோவை பம்ப் கம்பெனிகளில் நேரில் போய்க் கேட்கலாமா? ஆள் தேவை என்று விளம்பரமே தராதவர்களிடம் போய் நிற்பது கௌரவக் குறைச்சல் இல்லையா?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: தாராளமாகப் போங்கள், தம்பி. குறிச்சி சிட்கோ, கணபதி, பீளமேடு பக்கம் இருக்கும் சின்னப் பட்டறைகள் பலவும் விளம்பரம் தருவதில்லை. ஒருவர் வேலையை விட்டு நின்றால், 'தெரிஞ்ச பையன் யாராவது இருக்கானா?' என்று சூப்பர்வைசரிடம் கேட்பார்கள், அதோடு சரி. அப்போது அவர் வாயில் உங்கள் பெயர் வரவேண்டும். இதில் கௌரவம் எங்கே குறைகிறது?

கேட்கிற விதம்தான் முக்கியம். 'எந்த வேலையானாலும் செய்வேன் சார்' என்றால், 'ரெஸ்யூமை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டுப் போங்க' என்று பதில் வரும். அந்தக் காகிதத்தின் கதி உங்களுக்கே தெரியும். முதலில் எதிர் டீக்கடையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உள்ளே வார்ப்படமா, சிஎன்சி (கணினி வழி இயங்கும்) மெஷினில் பிறருக்குச் செய்துதரும் ஜாப் ஒர்க்கா, அசெம்ப்ளியா, புரொடக்‌ஷன் மேனேஜர் பெயர் என்ன என்பதெல்லாம் டீ குடிக்க வருகிறவர்களே சொல்லிவிடுவார்கள். அப்புறம் கேட்டில் அந்த மேனேஜர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பேச்சு இப்படி இருக்கட்டும்: "சார், சப்மெர்சிபிள் பம்புக்கு இங்க ஷாஃப்ட் கடையறீங்கன்னு தெரிஞ்சுது. எனக்கு டிராயிங் படிக்கத் தெரியும், மைக்ரோமீட்டர், போர் கேஜ் பிடிச்சு அளப்பேன். குவாலிட்டியில ஆள் தேவைப்பட்டா கூப்பிடுங்க." தெரியாததைத் தெரியும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கேயே ஒரு பீஸைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்வார்கள்!

'இப்போதைக்கு ஆள் வேண்டாம்' என்றால், அப்ரண்டிஸாக, அதாவது உதவித்தொகையோடு வேலை பழகுபவராக, எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். நேட்ஸ் (NATS) என்ற மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்த பட்டதாரி என்றால், குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே தருகிறது. சிறு முதலாளிகள் காதில் விழ வேண்டியது இந்தப் பாதிக் கணக்குதான். சட்டத்தைக் காட்டி மிரட்டும் தொனி வேண்டாம். பதிவை முன்பே முடித்துவிட்டுப் போங்கள்.

மாதக் கடைசியில் போகாதீர்கள், டிஸ்பேட்ச் நெருக்கடியில் முகம்கூடப் பார்க்க மாட்டார்கள். 20ஆம் தேதி வாக்கில் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் கவலை. மற்ற நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போகலாம். கிளம்பும்போது, 'வேற யாருக்காவது ஆள் வேணுமா சார்?' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பத்து நாள் கழித்து ஒரே ஒரு போன் போதும், தினமும் நச்சரிக்க வேண்டாம்.

டெபாசிட் கட்டு, ஒரிஜினல் சான்றிதழை வைத்துவிட்டுப் போ என்று யாராவது சொன்னால், 'வர்றேன் சார்' என்று எழுந்து வந்துவிடுங்கள்.